எனக்கு வைத்த பெயர் அமுதன்

அமுதனாம். என் பேரு அமுதனாம். பேரை மாத்தியாச்சு, இனி இவனை யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு, என்னைப் பத்திக் கட்டுரை எழுதின அந்த மேடம் நிம்மதியாத் தூங்கியிருப்பாங்க. நீங்களே சொல்லுங்கண்ணே. போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், வாசிக்கிறேன் கேளுங்க. "நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவியைத் திருடியதாகப் பிடிபட்ட பதினைந்து வயதுச் சிறுவன் அமுதன் (பெயர் மாற்றப்பட்டுள்ளது)." அடைப்புக்குறி வேற. பத்திரமாப் பூட்டு போட்ட மாதிரி.

செயின் அறுத்தவன்னு எழுதினா ஆயிரம் பேர் இருப்பான். பைக் திருடினவன்னு எழுதினா தெருவுக்கு ஒருத்தன் இருப்பான். ரேஷன் கடை பில்லு மெஷினைத் திருடினவன் எத்தனை பேருண்ணே இருப்பான்? ஒருத்தன். உங்க பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கான்.

பையை ஏன் மடியில எடுத்து வெச்சுக்கிறீங்க? நான் எடுக்க மாட்டேன். மெஷினையும் நான் எடுக்கலை. அதுதான் கதையே.

என் பேரு காசிராசன். ஊரு புங்கம்பட்டி, இந்த பஸ்ஸுக்குக் கடைசிக்கு முந்தின ஸ்டாப்பு. பதினொண்ணாவதுல பாதியில நின்னுட்டேன். இப்ப தண்ணி கேன் வண்டியில ஏத்தி இறக்குற வேலை. பதினேழு முடிஞ்சு நாலு மாசம் ஆகுது. என் விவரத்தை வெளியே விட்டா விட்டவங்க மேல கேஸ் போடலாம்னு சட்டம் இருக்காம். அதனால நீங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. முன் சீட்டு அக்கா, காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, நீங்களும்தான்.

அந்த மெஷின் எப்படி இருக்கும்னு தெரியும்ல? கறுப்பா, கையடக்கமா, கட்டை விரலை வெச்சா பில்லு வரும். அது இல்லைன்னா கடையில மலை மாதிரி அரிசி கிடந்தாலும் ஒரு கிலோ போட முடியாது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காணாமப் போச்சு. வேற மெஷின் வர பதினொரு நாள் ஆச்சு. போலீஸ் பிடிச்ச மெஷினைத் திருப்பிக் குடுக்கலாம்ல? குடுக்க மாட்டாங்க, அது சாட்சிப் பொருளாம். பாமாயில் இல்லை, பருப்பு இல்லை. அந்த வருசம் எங்க ஊர்ல முறுக்கே சுடலை. வெட்டுக்குத்துல உள்ள போய் வந்தவனுக்கு எங்க ஊர்ல மாலை போட்டிருக்காங்கண்ணே, நானே பாத்திருக்கேன். ஆனா முறுக்கை மன்னிக்க மாட்டாங்க. எனக்குப் பட்டப்பேரு "பில்லு". "ஏலே பில்லு, விரலை வைக்கட்டுமா?"ன்னு சின்னப் பயலுக எல்லாம் கேப்பானுக.

எடுத்தது எங்க அண்ணன். செல்லப்பாண்டி. அவன் பேரையும் மேடம் மாத்தியிருக்காங்க. "மூத்த சகோதரர்." எனக்கு இருக்கிறதே ஒரு அண்ணன்தான். நல்லா மறைச்சாங்க.

ஏன் எடுத்தான்னு கேளுங்க. பெட்ரோல் பங்குல கார்டு தேய்க்கிற மெஷின் இருக்குல்ல, அந்த மாதிரி, உள்ள எங்கேயோ காசு இருக்கும்னு நெனச்சிருக்கான். இருபத்திரண்டு வயசு. பி.காம். முழுசா முடிச்சவன். கடைக்காரர் சாயங்காலம் கதவைச் சும்மா சாத்திட்டு டீ குடிக்கப் போயிருக்கார், இவன் உள்ள போய் எடுத்துச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்துட்டான். இதுக்கு மேடம் என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? இருங்க, இந்தா. "தேய்ந்த விரல்களை ஏற்க மறுக்கும் கருவிக்கு எதிராக ஓர் எளிய குடும்பம் காட்டிய வார்த்தையற்ற எதிர்ப்பு." எதிர்ப்பாம்! ஸ்க்ரூ டிரைவரை வெச்சு நெம்பிக்கிட்டு இருந்தான்ணே. காசு வரலைன்னதும் ரெண்டு தட்டு தட்டினான். அதுதான் எதிர்ப்பு.

அதுக்குள்ள சிம் இருக்குன்னு பி.காமுக்குத் தெரியலை. மறுநாள் சாயங்காலம் எஸ்.ஐ. நேரா எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. அரிசி டிரம்மைக் கவுத்தாங்க, மெஷின் விழுந்துச்சு. "எவன்டா எடுத்தது?" அண்ணன் தரையைப் பாத்தான். அம்மா என்னைப் பாத்துச்சு.

அவ்வளவுதான். "நான்தான் சார்"னு சொல்லிட்டேன். நானாத்தான் சொன்னேன்.

அப்புறம் மாமா வந்தாரு, அம்மாவோட தம்பி. நவநீதன். தாலுகா ஆபீஸ் வாசல்ல மேசை போட்டு மனு எழுதுறவரு. முதியோர் பென்சனுக்கு எழுதினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரன் மாடு மேஞ்சதுக்கு எழுதினாலும் சரி, படிக்கிற ஆபீசருக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். ஸ்டேசன் மரத்தடியில என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டாரு. "மருமகனே, நீ மைனர். உனக்கு ஒரு கீறல் விழாது. அண்ணனுக்கு அடுத்த வாரம் கூட்டுறவுல இன்டர்வியூ. அவன் மேல எப்.ஐ.ஆர். விழுந்தா குடும்பமே போச்சு. உன் ஃபைலை ஒரு ஈ காக்காய்க்குக் காட்ட மாட்டான். பீரோவுல வெச்சுப் பூட்டி, ஏழு வருசத்துல கிழிச்சுப் போட்டுருவான். சட்டமே அப்படித்தான்." சொல்லிக்கிட்டே எழுதினாரு. அழகான கையெழுத்து, முத்து முத்தா. "நான் ஆசைப்பட்டு எடுத்தேன்"னு எழுதியிருந்தாரு. ஒரு பில்லு மெஷின் மேல எவனாவது ஆசைப்படுவானா? ஆனா நான் அதை வாசிச்சது பின்னாடிதான். அன்னைக்குக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

கூர்நோக்கு இல்லத்துல பத்தொம்பது நாள். பேருதான் அப்படி. கூர்ந்து பாக்க அங்க ஒரு கேரம் போர்டும், பாதி நாள் ஓடாத டிவியும்தான். ஆரோக்கியம் சார்னு ஒருத்தர் வருவாரு, நன்னடத்தை அலுவலர். வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படின்னு விசாரிச்சு, சின்னப் பசங்க கேஸை விசாரிக்கிற நீதிக் குழுமத்துக்கு அறிக்கை எழுதுறது அவர் வேலை. மூணு தடவை வந்தாரு, மூணு தடவையும் "நான்தான் சார்". நாலாவது தடவை, "எந்தப் பக்கமாடா கடைக்குள்ள போன?"ன்னாரு. "பின் சன்னல் வழியா சார்." "அந்தக் கடைக்குப் பின்பக்கம் சன்னலே கிடையாதேடா." எழுதுறதை விட்டுத் தலையைக் கூட அவர் நிமித்தலை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சேனா அழுதேனான்னு கேட்டா, சிரிச்சேன். அவர் அறிக்கையில "சிறுவன் அழுதான்"னு இருக்காம். அதையும் மேடம் எடுத்துப் போட்டிருக்காங்க.

எல்லாத்தையும் சொன்னேன். அண்ணன், ஸ்க்ரூ டிரைவர், அம்மா, மாமா. "சார், இது வெளியே போயிருமா?" "ஃபைலுக்குள்ள போகும். ஃபைல் பீரோவுக்குள்ள போகும். அதுக்கு மேல எங்கேயும் போகாது." நல்ல மனுசன். பொய் சொல்லலை. பீரோவை இன்னொருத்தர் தொறப்பாங்கன்னு அவருக்கே தெரியாது.

குழுமத்துல மாஜிஸ்ட்ரேட் அம்மா அதைப் படிச்சுட்டு, "காசிராசன், இப்பவாவது உண்மையைச் சொல்லு"ன்னாங்க. "நான்தான் மேடம்." திரும்பக் கேட்டாங்க. "நான்தான் மேடம்." மூணாவது தடவையும் சொன்னேன். எச்சரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மாமா சொன்ன மாதிரியே ஒரு கீறல் விழலை. பள்ளிக்கூடத்துல யாருக்காவது கால்குலேட்டர் காணோம்னா கணக்கு வாத்தியார் மொதல்ல என் பையைத்தான் கவுப்பாரு, அவ்வளவுதான். நான் படிப்பை விட்டது அதுக்காக இல்லை. எனக்குப் படிப்பு வரலை. எட்டாவது வரைக்கும் வந்துச்சு, பத்தாவதுலயும் நானூத்திப் பன்னிரண்டு. அதுக்கப்புறம் வரலை.

அண்ணனுக்கு வேலை கிடைச்சுச்சு. என்ன வேலைன்னு நினைக்கிறீங்க? ரேஷன் கடை விற்பனையாளர். பக்கத்து ஊர்ல. சிரிக்காதீங்கண்ணே. தினமும் அதே மாதிரி மெஷினை மடியில வெச்சுக்கிட்டு, "பாட்டி, விரலை நல்லா அமுத்து"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கான். கல்யாணமும் ஆச்சு. மதினிக்கு இப்ப ஏழு மாசம்.

எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. பில்லுன்னு கூப்பிடுறது கூட முக்கால்வாசி நின்னுருச்சு. அப்பத்தான் எங்க ஊரு கலைவாணி, பஞ்சாயத்து கிளார்க் மக, டவுன்ல சமூகப்பணி படிக்கிறா, அவளுக்கு வகுப்புல ஒரு கட்டுரையைக் குடுத்துப் படிச்சுட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. முதல் பக்கத்தை வாசிச்சதுமே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாதா? அந்தத் தீபாவளிக்கு முறுக்கு திங்காதவங்கள்ல அவளும் ஒருத்தி. படம் எடுத்து "புங்கம்பட்டி சொந்தங்கள்" குரூப்ல போட்டுட்டா. கீழே "நம்ம ஊரு ஃபேமஸ் ஆயிருச்சு"ன்னு எழுதி நாலு சிரிக்கிற மூஞ்சி. ஊரே சிரிச்சுச்சு. அரை மணி நேரம் கழிச்சு ரெண்டாம் பக்கத்தைப் போட்டா. அதுல மூத்த சகோதரர், ஸ்க்ரூ டிரைவர், கூட்டுறவு இன்டர்வியூ எல்லாம் இருக்கு. குரூப்பே ஊமையாயிருச்சு. இருநூத்தி நாப்பது பேரு இருக்கிற குரூப்புண்ணே. சாவு செய்தி போட்டாக் கூட அவ்வளவு அமைதியா இருந்ததில்லை.

மறுநாள் டீக்கடைல வெள்ளைச்சாமி அண்ணன், ரெண்டு வருசமா என்கூடப் பேசாதவரு, "வாடா காசி, டீ சாப்பிடு"ங்கிறாரு. வேணாம்னேன். டீ குடுத்தா முடிஞ்சு போச்சா?

ஊருக்கு நான் நல்லவனாயிட்டேன், வீட்டுல கெட்டவனாயிட்டேன். அண்ணன் கடைக்கு வர்றவங்க எல்லாம், "ஏப்பா, மெஷின் பத்திரமா இருக்கா?"ன்னு கேக்குறாங்களாம். எவனோ அந்த ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பின் அடிச்சு அவன் ஆபீசுக்கு மொட்டைப் பெட்டிசன் போட்டுட்டான். பதினஞ்சு நாளைக்குள்ள விளக்கம் குடுன்னு லெட்டர் வந்திருக்கு. அண்ணன் என்கிட்ட நேராப் பேசுறதில்லை. "சில பேரு வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாங்க"ன்னு சோத்துத் தட்டைப் பாத்துச் சொல்றான். தட்டு என்ன செய்யும்?

நான் அந்த மேடத்துக்கே போன் போட்டேன். தாரிணின்னு பேரு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாங்களாம். கலைவாணியே நம்பர் வாங்கிக் குடுத்தா, குத்த உணர்ச்சி.

"யார் பேசுறது?"ன்னாங்க.

"அமுதன் பேசுறேன்."

எடுத்த எடுப்புல, "நீங்க என்கிட்டப் பேசக்கூடாதேப்பா"ன்னாங்க.

"ஏன் பேசக்கூடாது?"

"குழுமத்துல அனுமதி குடுக்கும்போதே அப்படி ஒரு நிபந்தனை போட்டாங்க. கோப்பைப் படிக்கலாம், ஆனா அந்தக் குழந்தைகளைத் தேடிப் போகக் கூடாது, பேசக் கூடாது. அவங்க பாதுகாப்புக்காக. போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு கிளார்க் எதிர்ல உக்காந்திருப்பாரு, பென்சில்ல குறிப்பு எடுத்துக்கலாம். மூணு இடத்துல கையெழுத்து வாங்கினேன். எங்க பல்கலைக்கழகக் கமிட்டி ஒவ்வொரு வரியாப் பாத்தாங்க."

"கமிட்டில புங்கம்பட்டிக்காரங்க யாராவது இருந்தாங்களா மேடம்?"

"இல்லை..."

"ஒரு ஆள் போதும். முதல் வரியிலேயே, அட நம்ம பில்லுன்னு சொல்லியிருப்பான்."

நீங்களே யோசிங்கண்ணே. பீரோவைத் தொறக்கலாம். நான் அழுததைப் படிக்கலாம், சிரிச்சதைத்தான், அதைப் படிக்கலாம். தம்பி, உன் கதையில எதை விட்டா உன்னை யாருக்கும் தெரியாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. ஏன்னா என்னைப் பாதுகாக்கணும். மெஷினை மட்டும் தூக்கிட்டு ஒரு செல்போன்னு போட்டிருந்தாப் போதும். செல்போன் திருடாத ஊர் எது? அதையும் அவங்ககிட்டயே சொன்னேன். "மெஷின் இல்லைன்னா என் வாதமே இல்லையேப்பா"ன்னாங்க. பாவம், அவங்க கவலை அவங்களுக்கு.

மன்னிப்புக் கேட்டாங்க. கேட்டதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். இணையத்துல இருந்து எடுத்துடுறேன்னாங்க. சொந்தங்கள் குரூப்ல இருந்து எடுக்க முடியுமா மேடம்னேன்.

எனக்கு உண்மையா எதுல கோபம்னா, கடைசிப் பக்கத்துல ஒரு வரி. "குற்றத்தை ஏற்கும்படி இந்தச் சிறுவனிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. அவன் பலி கொடுக்கப்பட்டான்." பலியா? நான் என்ன ஆட்டுக்குட்டியா? இதையும் போன்ல கேட்டுட்டேன். "எங்க வீட்டுல கேட்டாங்க மேடம். தெரியாம எழுதாதீங்க."

"யார் கேட்டாங்க காசி?"

"அம்மா."

"என்னன்னு கேட்டாங்க?"

பஸ் சத்தத்துல சரியாக் கேக்கலை, அப்புறம் பேசுறேன்னு வெச்சுட்டேன். பஸ் எங்க இருந்துச்சு? வீட்டுக்குப் பின்னாடி நின்னு பேசிக்கிட்டு இருந்தேன்.

சரி, இன்னைக்கு விசயத்துக்கு வாரேன். நேத்து சாயங்காலம் மாமா வந்தாரு. மறுபடியும் தோள்ல கை. மறுபடியும் முத்து முத்தா ஒரு மனு, இந்தா சட்டைப் பையிலதான் இருக்கு. "நன்னடத்தை அலுவலரிடம் நான் கூறியவை அனைத்தும் பொய் என்றும், அறியாப் பருவத்தில் என் உடன்பிறந்த அண்ணன் மீது கொண்ட பொறாமையால் கற்பனையாகக் கூறியவை என்றும், குற்றத்தை நான் தனியாகவே செய்தேன் என்றும்..." அப்படியே போகுது ஒன்றரைப் பக்கம். இதைக் குழுமத்துல குடுத்துச் சீல் போட்ட நகல் வாங்கினா, அண்ணன் அதை ஆபீஸ்ல காட்டுவான். கட்டுரை பொய்யாயிரும், வேலை நிக்கும். "ஒரு கையெழுத்துதானே மருமகனே. உனக்கு என்ன கொறையப் போகுது? நீதான் ஏற்கெனவே..." அதோட நிறுத்திக்கிட்டாரு.

அம்மா கூட ஒண்ணும் சொல்லலை. விடியக்காலம் எந்திரிச்சு எனக்குப் பூரி சுட்டுச்சு.

பத்தரைக்கே போயிட்டேன். அதே கட்டடம், சுண்ணாம்பு மட்டும் புதுசா அடிச்சிருக்காங்க. ஆரோக்கியம் சாருக்கு மாறுதலாம். கிளார்க் அம்மா ஒருத்தவங்க, மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு, மனுவை வாங்கிப் படிச்சாங்க. என்னைப் பாத்தாங்க.

"இது உன் எழுத்தாடா?"

"எங்க மாமா எழுத்து."

"நீ படிச்சியா?"

"மாமா வாசிச்சுக் காட்டினாரு."

"அது வாசிச்சது. நீ படிச்சியான்னு கேட்டேன்."

அவங்க மனுவைத் திருப்பி என்கிட்டயே நீட்டினாங்க.

"இன்னும் கையெழுத்து போடலை. அந்த பெஞ்சுல போய் உக்காந்து, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படி. சரின்னு பட்டாப் போட்டுக் குடு, சீல் வெச்சுத் தாரேன். ஒரு மணிக்குள்ள."

"இதை என்ன செய்வீங்க மேடம்?"

"உன் ஃபைல்ல கோப்போம். ஆரோக்கியம் சார் அறிக்கைக்கு மேல இது இருக்கும். நாளைக்கு வேற யாராவது அனுமதி வாங்கிட்டு வந்தா இதைத்தான் மொதல்ல படிப்பாங்க."

போய் உக்காந்தேன். படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். பொறாமையாம்ணே. அண்ணன் மேல எனக்குப் பொறாமையாம். அவன் பி.காம். மேலயா, ஸ்க்ரூ டிரைவர் மேலயா? ஒரு தடவை திருடன்னு கையெழுத்துப் போட்டாச்சு. இப்பப் பொய்யன், பொறாமைக்காரன். மாமா மேசையில இன்னும் எத்தனை தயாரா இருக்கோ.

இன்னொண்ணும் தோணுச்சு. இந்தப் பையன் எடுக்கலைன்னு உலகத்துல ஒரே ஒரு காகிதத்துலதான் எழுதியிருந்துச்சு. அந்த பீரோவுக்குள்ள. அதை நானே வாயால மூணு தடவை இல்லைன்னு சொல்லியும் அது அப்படியே கிடந்திருக்கு. யாருக்கும் காட்டக் கூடாத காகிதம். அது மேல இதைக் கொண்டு போய் வைக்கணும்.

அண்ணன் வேலை போகட்டும்னு எல்லாம் நான் நினைக்கலை. அப்படி நினைக்காதீங்க. மதினி நல்லவங்க. எனக்கு மீன் குழம்புல தலையை எடுத்து வெப்பாங்க. பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணன் போன் பண்ணினான். எடுக்கலை. ஒரு மணிக்குப் பண்ணினான். எடுக்கலை. கிளார்க் அம்மா சாப்பாட்டு டப்பாவைத் தொறந்துக்கிட்டே, "என்னடா தம்பி?"ன்னாங்க. "படிச்சுட்டேன் மேடம்"னேன். "சரி"ன்னாங்க. வேற ஒண்ணும் கேக்கலை. மனுவை அப்படியே மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வெளியே வந்து பஸ் ஏறிட்டேன்.

நீங்க இதுலயா இறங்கணும்? இறங்குங்க, இறங்குங்க. பையை மறந்துராதீங்க, அப்புறம் அதையும் என் கணக்குல எழுதிருவாங்க.

எங்க ஊரு அடுத்த ஸ்டாப்பு. அண்ணன் கடையைச் சாத்திட்டு வந்து நின்னுக்கிட்டு இருப்பான். காலையில வண்டியேத்தி விடும்போது, ரெண்டு மாசத்துல முதல் தடவையா என் மூஞ்சியைப் பாத்துப் பேசினான். மூணு வேலை சொல்லி அனுப்பினான். கையெழுத்துப் போடு. சீல் வாங்கு. நேரா வீட்டுக்கு வா.

வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கேன்.